தீர்ப்பைச் சுமந்து செல்பவர்

நீதிமன்றம் என்றதும் நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது உயர்ந்த ஆசனமும் அதில் வீற்றிருக்கும் நீதிபதியுமே. அவருக்குக் கீழே கறுப்பு அங்கியணிந்த அப்புக்காத்துமார். கட்டுக் கட்டாகக் காகிதம் சுமந்த பிரக்கிராசிமார். கூண்டிலே நாவரண்டு நிற்கும் சாட்சி. நாடகங்களும் நாவல்களும் திரைப்படங்களும் இவர்களையே நமக்குக் காட்டி வந்திருக்கின்றன. தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் திரை விழுந்துவிடுகிறது. அதற்குப் பின்னர் அத்தீர்ப்பு எந்தத் தெருவால் நடந்தது, எவருடைய படலையைத் திறந்தது, யார் முற்றத்தில் போய் நின்றது என்பதைக் கூறுவார் மிக அரியர்.

எனக்கோ, நீதிமன்றம் என்றதும் முதலில் கேட்பது ஒரு பறையொலி.

1955ஆம் ஆண்டு. அப்போது எனக்கு எட்டுப் பிராயம். வலிகாமத்தின் வடபால், செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் என் தாயைப் பெற்ற பாட்டனார் வீட்டில் வளர்ந்தேன். அவரை நாங்கள் அப்பு என்றே அழைப்போம். அப்பு பெருங் கமக்காரர் அல்லர். ஒரு புகையிலைத் தோட்டம், அதற்கு அப்பால் சிறியதொரு பனங்காணி, மழையை நம்பிய ஒரு துண்டு வயல், உழவுக்கு இரண்டு எருதுகள். அவ்வளவே அவர் செல்வம். உறவினர் ஒருவர் வாங்கிய கடனுக்கு அவர் பிணை நின்று கையெழுத்து வைத்திருந்தார். வாங்கியவர் ஊரை விட்டுப் போனார். வைத்த கையெழுத்து ஊரிலேயே நின்றது. வழக்கு நடந்தது, தீர்ப்பாயிற்று. இவை யாவும் பெரியவர்கள் இரவில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு பேசும் பேச்சாகவே எனக்குத் தெரிந்திருந்தன. தீர்ப்பு என்பது யாது என்பதை நான் கண்ணாற் கண்டது, அது எங்கள் படலைக்கு வந்த அன்றுதான்.

சைக்கிளிலே குடையொன்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னே பறையைத் தோளில் மாட்டிய ஒருவர் நடந்து வந்தார். "பிஸ்கால் வந்திட்டார்" என்று வேலிக்கு அப்பாலிருந்து யாரோ சொன்னது கேட்டது. அயலவர் தலைகள் வேலிகளின் மேல் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆச்சி, வந்தவர் யாராயினும் வந்தவரே என்னும் வழக்கப்படி, "வாருங்கோ, இருங்கோ. வெய்யிலுக்கை வந்திருக்கிறியள், மோர் குடியுங்கோ" என்றார்.

"வந்த வேலை முடியட்டும் ஆச்சி. அதுக்குப் பிறகு தண்ணி தாருங்கோ" என்று கூறிவிட்டு அவர் திண்ணையில் அமராமல் முற்றத்திலேயே நின்று காகிதத்தை வாசித்தார். அவசரமின்றி, ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி வாசித்தார். பின்னர் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, மரப்பெட்டகம், வண்டில் என்று எழுதிக்கொண்டு போனார். பனங்காணியின் எல்லையில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பறை முழங்கியது. அவ்வொலி எங்கள் வீட்டின் நெஞ்சிலே விழுந்தது போலிருந்தது. ஆச்சி உள்ளே போய்க் கதவோடு சாய்ந்து நின்றார்.

அப்பு மட்டும் கொட்டிலுக்குச் சென்று எருதுகள் இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, கயிற்றை அவர் கையில் நீட்டினார்.

"கமக்காரர், மாட்டைக் கொண்டுபோய்க் கட்டுங்கோ. கோட்டிலை கேளாமல் அதை நான் தொடேலாது."

"கையெழுத்து வைச்சது நான்தானே ஐயா. மாட்டை விட்டிட்டுப் போனால் கடன் எப்பிடித் தீரும்?"

"கடன் தீரவேணுமெண்டால் நீங்கள் உழவேணும். உழுகிறதுக்கு மாடு வேணும். சட்டமும் அதைத்தான் சொல்லுது."

இதைக் கேட்ட ஆச்சி, உள்ளிருந்து கடகத்தில் எடுத்து வந்த வித்து நெல்லையும் திண்ணையில் வைத்தார். அவர் அதையும் திருப்பி உள்ளே கொண்டுபோகச் சொன்னார். எல்லாம் முடிந்த பின் கிணற்றடியில் நின்று ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே சைக்கிளில் போனார்.

அவருடைய பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. ஆயினும் பல்லாண்டுகள் வரையில், "அந்தப் பிஸ்கால் மனிசன் ஒரு புண்ணியவான்" என்று ஆச்சி சொல்லிக்கொண்டேயிருந்தார்.

சொல்லும் பதவியும்

பிஸ்கால் என்னுஞ் சொல் தமிழன்று. ஆங்கிலமுமன்று என்றே கூறலாம். அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் பிஸ்குஸ் என்பது முதலில் கூடையையும் பணப்பையையும் குறித்து, பின்னர் பேரரசனின் கருவூலத்தைக் குறிக்கலாயிற்று. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி இங்கே நிலைகொண்டபோது, பிஸ்கால் என்னும் பதவிப் பெயரும் அவர்களுடைய கப்பலிலேயே வந்து இறங்கியது. அவர்களிடத்தில் பிஸ்கால் என்பவர் பெரிய மனிதர். கம்பெனியின் நலனைக் காத்து, குற்றஞ் செய்தோர்மீது வழக்குத் தொடுக்கும் அதிகாரி. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்கள் பெயரை வைத்துக்கொண்டு தொழிலை மாற்றினர். வழக்குத் தொடுப்பவராய் இருந்தவர், நீதிமன்றத்தின் கட்டளையை நிறைவேற்றுபவரானார்.

1867ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பிஸ்கால் கட்டளைச் சட்டம் அப்பதவியின் கடமைகளை வகுத்தது. மாகாணத்தின் அரசாங்க அதிபரே பிஸ்காலாகவும் விளங்கினார். அவருக்குக் கீழே உதவிப் பிஸ்கால்மார்; அவர்களுக்குக் கீழே அழைப்பாணை கொண்டு ஊரூராய்த் திரியும் சிற்றலுவலர். அழைப்பாணையைச் சேர்ப்பித்தல், பிடியாணையை நிறைவேற்றல், சொத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்றல், காணியை உரியவரிடம் ஒப்படைத்தல் என நீதிமன்றத்துக்கு வெளியே நீதிமன்றத்தின் பெயரால் நடப்பவை அனைத்தும் அவர்கள் பொறுப்பு. பிற்காலத்தில் 1973ஆம், 1978ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நீதிமன்ற அமைப்பையே திருத்தின. இன்று பிஸ்கல் என்று எழுதப்படும் அலுவலர் கச்சேரியைச் சேர்ந்தவரல்லர், நீதிமன்றத்தோடு இணைந்தவர்.

மரண தண்டனை நிறைவேறும் இடத்தில் நிற்பதும் அக்காலத்தில் இக்கடமைகளுள் ஒன்றாயிருந்தது. 1905ஆம் ஆண்டு தொடக்கம் 1907ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய லியனாட் வூல்ப், பின்னர் கண்டிக்கு மாற்றப்பட்டபோது போகம்பரைச் சிறையில் தூக்குமேடையருகே நிற்க வேண்டியவரானார். அவ்வனுபவத்தின் கொடுமையை, 1961இல் வெளிவந்த 'குரோயிங்' என்னும் தன்வரலாற்று நூலில் அவர் எழுதியிருக்கிறார். நீதிபதி கூறுவது ஒரு வாக்கியம். அவ்வாக்கியம் உடலிலே நிறைவேறுவதைக் கண்ணாற் காண்பவர் வேறொருவர். இந்நாட்டில் 1976ஆம் ஆண்டுக்குப் பின்னர் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஆயினும் எழுதும் கையும் செய்யும் கையும் வேறுவேறு என்னும் உண்மை எல்லாத் தீர்ப்புகளுக்கும் பொதுவானது.

அறிவித்தலின் அருமை

இச்சிற்றலுவலர் செய்யும் வேலைகளுள் மிக எளியதாகத் தோன்றுவது அழைப்பாணையைக் கொண்டு சேர்த்தல். ஒரு காகிதத்தை ஒருவர் கையிற் கொடுப்பதில் என்ன அருமையிருக்கிறது என்று தோன்றும். ஆனால் நீதி என்னும் மாளிகையின் அத்திவாரக் கல் அதுதான். இருபக்கத்தாரையும் கேட்டபின்பே தீர்ப்புக் கூறவேண்டும் என்பர். கேட்கவேண்டுமானால் அழைக்கவேண்டும். அழைப்பு உரியவரைச் சென்றடைந்ததா என்பதற்கு அந்த ஒருவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையே சான்று.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தத் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் 1706ஆம் ஆண்டளவில் தொகுத்தார். முதலிமார் பன்னிருவர் அதைப் பார்வையிட்டு உடன்பட்டனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பிலே காணி விற்பனை பற்றிய செய்தி ஒன்று உண்டு. முற்காலத்தில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணியை ஒற்றியாக வைத்திருப்போருக்கும் தெரிவியாமல் காணி விற்கப்படுவதில்லை. பின்னர், விற்க விரும்புவோரின் எண்ணம் அவர்களுடைய கோவிற்பற்றில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிக்கப்பட வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. ஆட்சி மாறியும், மதம் மாறியும், முறை மாறியும் கருத்து மாறவில்லை: அறியாதவனுடைய உரிமையை அவன் அறியாமலே எடுத்துவிடலாகாது.

1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையும் இதே வழியில் நின்றது. அழைப்பாணையை எதிராளியின் கையிலேயே சேர்ப்பித்தல் வேண்டும் என்பதே அதன் பொதுவிதி. தக்க முயற்சி செய்தும் ஆளைக் காணமுடியாதபோதுதான், நீதிமன்றத்துக்கு அறிவித்து வேறு வழியை நாடலாம். நிலையான சொத்தைக் கைப்பற்றும்போது அறிவித்தலை அச்சொத்திலே பலரும் காணும்படி ஒட்டவும், பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ விளம்பரஞ் செய்யவும் அது விதித்தது. எங்கள் பனங்காணியிலே முழங்கிய பறை இழிவுபடுத்தும் பொருட்டு முழங்கியதன்று. அதிலே உரிமையுடைய எவரும் அறியாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக முழங்கியது. இதனை நான் விளங்கிக்கொள்ள முப்பது ஆண்டுகள் சென்றன. பின்வந்த திருத்தங்கள் அழைப்பாணையைப் பதிவுத் தபாலில் அனுப்ப இடமளித்தன. காலம் மாறும்போது கருவி மாறுவது இயல்பே.

இனி, அந்த ஒருவர் பொய் எழுதினால் என்னாகும்? வெயிலுக்கு அஞ்சி ஒரு மரநிழலில் இருந்துகொண்டு, "சேர்ப்பிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டாரானால், நீதிமன்றத்திலே எதிராளியின் பெயர் கூவப்படும். அவன் தோட்டத்திலே தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பான். வராதவனுக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படும். அழைப்பாணை தனக்குக் கிடைக்கவில்லை எனக் காட்டி அத்தீர்ப்பை நீக்குவிக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அவ்வழியில் நடப்பதற்குப் பணமும் காலமும் துணிவும் வேண்டும்; அவை ஏழைக்கு இல்லாதவை. நூறு நீதிபதிகள் நேர்மையாய் இருந்தும், படலைவரை போக வேண்டிய ஒருவர் போகாமல் விட்டால் நீதி தவறிவிடுகிறது.

திருவள்ளுவர் தூது என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தாமே சொல்லை வகுத்து உரைப்பவர், சொல்லியதை அவ்வண்ணமே உரைப்பவர் எனத் தூதரை இருவகைப்படுத்துவது உரைமரபு. அழைப்பாணை கொண்டு செல்பவர் இரண்டாம் வகையினர். சொந்தச் சொல் ஒன்றும் இல்லாதவர். ஆயினும் அவருடைய வாய்மை பிழைத்தால் அரசின் வாய்மையே பிழைக்கிறது.

கருணையா, சட்டமா?

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் சென்றபின், நண்பர் ஒருவரின் புத்தக அலுமாரியில் அந்தச் சட்டக்கோவையைக் காண நேர்ந்தது. பொழுதுபோக்காகப் புரட்டிக்கொண்டிருந்தவன், 218ஆம் பிரிவிலே கண் நிலைகுத்தி நின்றேன். கடனுக்காகக் கைப்பற்றக் கூடாதவை அங்கே வரிசையாகக் கூறப்பட்டிருந்தன. கடனாளியும் அவன் மனைவி மக்களும் உடுக்கும் உடை, படுக்கும் படுக்கை. தொழில் செய்வோனின் கருவிகள். அவன் கமக்காரனாயின் உழவுக் கருவிகள். தன் தொழிலால் பிழைப்பதற்கு அவனுக்கு வேண்டியவை என நீதிமன்றம் கருதும் மாடுகள், வித்துத் தானியம்.

மாடும் வித்தும்! எட்டு வயதிலே முற்றத்தில் நின்று பார்த்த காட்சி, அச்செழுத்திலே என் முன்னே கிடந்தது. ஆச்சி புண்ணியம் என்று போற்றியது, உண்மையில் 1889ஆம் ஆண்டே எழுதி வைக்கப்பட்ட சட்டம்.

முதலில் எனக்கு ஒருவகை ஏமாற்றமே உண்டாயிற்று. நாங்கள் கும்பிட்ட கருணை ஒரு பிரிவின் இலக்கமாகச் சுருங்கிவிட்டதே என்று எண்ணினேன். பின்னர் நிதானமாகச் சிந்தித்தபோது வேறொன்று புலப்பட்டது. அப்புவுக்கு அச்சட்டம் தெரியாது. வேலிக்கு மேலே தலை நீட்டிய அயலவர் எவருக்கும் தெரியாது. கடன் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தாலும் அவர் சொல்லப் போவதில்லை. அப்பு தாமே அவிழ்த்துக் கொடுத்த மாட்டை அவர் வாயை மூடிக்கொண்டு பிடித்துச் சென்றிருந்தால், அந்த முற்றத்திலே கேட்பார் யாருமில்லை. அச்சட்டத்தை அறிந்தவராக அங்கே நின்றவர் அவர் ஒருவரே. தமக்கு வேலை மிகையாகும் என்று தெரிந்தும், கடன்பட்டவன் தானே இழக்க முன்வந்த உரிமையை அவனுக்கு எடுத்துச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சட்டம் எழுதியவருடைய கருணை அறுபத்தாறு ஆண்டுகள் காகிதத்தில் உறங்கிக் கிடந்து, அன்று அவர் வாயினால் எழுந்து எங்கள் முற்றத்துக்கு வந்தது. ஆச்சி சொன்னதில் பிழையில்லை.

இரு பழைய கதைகள்

நிறைவேற்றுபவரின் உள்ளம் எத்துணைப் பெரிது என்பதை உணர்த்த நம் இலக்கியத்திலேயே இரண்டு கதைகள் உள. மாணவர்களுக்கு இவற்றைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். இந்த நோக்கிலே கற்பித்தது பிற்காலத்தில்தான்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். அப்பிழையை நாம் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் இளங்கோவடிகள் அரசனோடு நிறுத்தவில்லை. ஆணையைத் தாங்கிச் சென்ற காவலரை நமக்குக் காட்டுகிறார். அவர்களுள் ஒருவன் கோவலனின் தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வனாக இரான் என்று தயங்குகிறான். பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை எடுத்துப் பேசித் தயக்கத்தைக் கரைக்கிறான். பேச்சு நீள்கிறது. அந்த வேளையில், கல்வியறிவில்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அத்தயக்கம் இன்னும் ஒரு நாழிகை நீடித்திருந்தால், யாரேனும் ஒருவன் அரசனிடம் திரும்பிச் சென்றிருந்தால், மதுரை எரிந்திராது. அரசனின் பிழை கடைசிக் கையிலே திருந்தியிருக்கலாம். அந்தக் கடைசிக் கை தகுதியற்றதாய் இருந்தது.

பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் கதை இதற்கு மறுதலை. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்க, தன் மகன்மீது தேரைச் செலுத்துமாறு மன்னன் அமைச்சனைப் பணிக்கிறான். அமைச்சன் அதைச் செய்ய மனம் ஒப்பாதவன், மன்னன் ஆணையை மறுக்கவும் இயலாதவன், தன்னுயிரையே நீத்துவிடுகிறான். பின்னர் மன்னன் தானே தேரேறிச் செல்கிறான். நாம் மன்னனைப் பாடுகிறோம், மகனுக்காக இரங்குகிறோம், பசுவின் கண்ணீரை நினைக்கிறோம். ஆணைக்கும் அன்புக்கும் இடையே அகப்பட்டு மாண்ட அந்த அமைச்சனை நினைப்பவர் எத்தனை பேர்?

நால்வரும் ஒரு குழந்தையும்

கடல்கடந்த நாடொன்றின் வரலாறும் இங்கே துணைசெய்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கெனத் தனிப்பட்ட ஒரு காவலர் அமைப்பு உண்டு. அவர்களை மார்ஷல்கள் என்பர். 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஜோர்ஜ் வாஷிங்டன் கையொப்பமிட்ட நீதித்துறைச் சட்டம், ஒவ்வொரு கூட்டாட்சி மாவட்டத்துக்கும் ஒரு மார்ஷலை ஏற்படுத்தியது. அழைப்பாணையைச் சேர்ப்பித்தலும் தீர்ப்பை நிறைவேற்றலும், நம் பிஸ்காலுக்குப் போலவே, அவர்கள் கடமை. நீதிபதிகளையும் சாட்சிகளையும் காத்தல், கைதிகளைக் கொண்டு செல்லல் ஆகியனவும் அவர்களைச் சாரும். இந்நாட்டிலே பிஸ்கலும் பொலிசாரும் சிறைக்காவலரும் பகிர்ந்து செய்பவற்றுட் பலவற்றை அங்கே அவர்கள் ஒருவரே செய்கின்றனர்.

1954ஆம் ஆண்டு மே மாதம், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பாடசாலைகளில் பிரித்து வைத்தல் அரசியலமைப்புக்கு முரண் என அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிறந்தவள் ரூபி பிரிட்ஜஸ் என்னும் கறுப்பினக் குழந்தை. தீர்ப்புக்கும் குழந்தைக்கும் ஒரே வயது. குழந்தை வளர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டாள், தீர்ப்பு நடக்கவில்லை. 1960ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், நியூ ஒர்லியன்ஸ் நகரில் வெள்ளையருக்கெனவே இருந்த பாடசாலையொன்றுக்கு ஆறு வயதுச் சிறுமியாய் அவள் சென்றபோது, தெருவிலே கூடி நின்றோர் கூச்சலிட்டு வைதனர். நான்கு மார்ஷல்கள் சூழ நின்று அவளை வாசலுக்குள் கொண்டு சென்றனர். நோர்மன் ரொக்வெல் என்னும் ஓவியர் 1963இல் அக்காட்சியைத் தீட்டினார். அந்த ஓவியத்தில் மார்ஷல்களின் முகங்கள் இல்லை. தோளோடு வெட்டுண்டாற்போல் உடலும் காலும் மட்டுமே தெரிகின்றன; முகம் உடையவள் அந்தச் சிறுமி ஒருத்தியே. நடந்து செல்லும் அந்த எட்டுக் கால்களும் தீர்ப்பின் கால்கள்.

இதனைப் படிக்கும்போது பிறநாட்டாரின் பேதைமையை எண்ணி நாம் மகிழ்ந்துகொள்ளலாகாது. சாதியின் பெயரால் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே, 21ஆம் இலக்கச் சட்டமாக, இந்நாட்டில் நிறைவேறியது. பதினோராண்டு சென்று 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே, உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது. கதவு அடைத்தே இருந்தது. அந்த வாசலுக்குச் சட்டத்தைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் கடமையை நம் சமுதாயம் தானாக ஏற்றுக்கொள்ளவில்லை. படித்தவர் பலர் பேசாதிருந்தோம். நானும் அப்போது இளைஞன், பேசாதிருந்தவர்களுள் ஒருவன். இதை எழுதும்போதும் கை சற்றுத் தயங்குகிறது.

நல்லூர்த் தெருவில்

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது.

2015ஆம் ஆண்டு மே மாதத்தில் புங்குடுதீவைச் சேர்ந்த பாடசாலை மாணவி ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். குடாநாடே கொதித்தெழுந்தது. மே 20ஆம் நாள் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின்மீது கூட்டம் கல்லெறிந்தது. நீதி வேண்டும் என்று கேட்டவர்களே நீதிமன்றத்தை உடைத்தனர். அச்சினத்தின் நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கல்லுக்குக் கண்ணில்லை; அது குற்றவாளியைத் தேடிப் போவதில்லை. போராலே சிதைந்து, மெல்ல மெல்ல மீண்டெழுந்த நீதிமன்றம் அது என்பதை அந்த ஒரு நாள் நாம் மறந்தோம்.

ஈராண்டு சென்று அவ்வழக்கை யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கூடியிருந்து விசாரித்தனர். அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன். 2017ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மாலை அவர் நல்லூர் வழியாகச் சென்றபோது தெருவிலே துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலராகப் பல்லாண்டு பணியாற்றிய பொலிஸ் சார்ஜன்ட் ஹேமச்சந்திர குண்டு பட்டு வீழ்ந்தார், மருத்துவமனையில் உயிர்நீத்தார். சிலாபத்தைச் சேர்ந்த சிங்களவர் அவர். தமிழ் நீதிபதியின் உயிரைக் காத்து நின்று, நல்லூர்க் கந்தன் வீதிக்கு அணித்தாய்த் தம் குருதியைச் சிந்தினார். இறந்தவருடைய மனைவியின் முன் அந்நீதிபதி முழந்தாளிட்டு அழுத காட்சியை நாளிதழ்களில் கண்டவர் பலர். பதவியின் உயரம் அந்தக் கணத்தில் நிலத்திலே வந்து பணிந்தது. தனக்கும் சாவுக்கும் இடையே நின்றவர் யார் என்பதை அந்நீதிபதி அறிந்திருந்தார். தமிழரும் சிங்களவரும் அன்று ஒருங்கே அறிந்தனர்.

விசாரணை நின்றுவிடவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. எழுவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர், இருவர் விடுவிக்கப்பட்டனர். கல்லெறிந்த கூட்டம் கேட்ட நீதி, கல்லினால் அன்று, பொறுமையோடு நடந்த விசாரணையினால் வந்தது. அவ்விசாரணையின் வாசலிலே காவல் நின்றவர்களின் பெயர்களைத் தீர்ப்பின் ஏட்டிலே தேடினால் கிடைக்கமாட்டா.

மீண்டும் முற்றத்துக்கு

எங்கள் வீட்டுக் கதையின் முடிவையும் கூறிவிடுகிறேன். அண்டாவும் பெட்டகமும் வண்டிலும் போயின. குத்துவிளக்கும் போயிற்று, ஆச்சி சிலகாலம் சிட்டி விளக்கையே ஏற்றி வந்தார். பனங்காணி ஏலத்தில் விலைப்பட்டது. எருதுகள் இரண்டும் கொட்டிலில் நின்றன. அவ்வாண்டு மழைக்கு அப்பு வயலை உழுது, ஆச்சி உள்ளே கொண்டுபோய் வைத்த அதே வித்தை விதைத்தார். தோட்டத்திலே புகையிலை நட்டார். எஞ்சிய கடனைத் தவணை முறையில் கட்டி முடிக்க நான்கு ஆண்டுகள் சென்றன. தோட்டம் விலைப்படவில்லை. அதன் வருவாயிலேதான் நான் படித்து ஆசிரியனானேன்.

கடன் கொடுத்தவருக்கும் அவர் பணம் வந்து சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தீர்ப்பு அவருக்குச் சார்பாகவே நிறைவேறியது. நிறைவேறிய பின்னும் எங்கள் குடும்பம் குடும்பமாகவே இருந்தது. அது நிறைவேற்றியவரின் தகைமை.

பாடசாலைகளில் சட்டமியற்றும் சபை, நிருவாகம், நீதித்துறை என மூன்றையும் பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கக் கற்பிக்கிறோம். அத்தோடு இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தல் நன்று. அந்தப் பிள்ளைகளுள் நீதிபதியாகப் போகிறவர் மிகச் சிலர். கடிதம் கொண்டு செல்பவராக, பட்டியல் எழுதுபவராக, வாசலில் காவல் நிற்பவராக, கந்தோர் மேசையிலே பிறருடைய விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்பவராக ஆகப் போகிறவர் பலர். மேலிருந்து வரும் ஆணை எதுவாயினும் அது மனிதர்மீது போய்ப் படும் இடத்தில் நிற்கப் போகிறவர்கள் அவர்களே. அங்கே நின்று வாசிக்க வேண்டியதைத் தெளிவாக வாசிப்பதும், எடுக்கக் கூடாததைத் திருப்பிக் கொடுப்பதும் சிறிய வேலைகள் அல்ல.

அப்புவிடம் ஒருநாள், "அந்த ஆள் நல்லவரோ, கெட்டவரோ?" என்று கேட்டேன். அவர் துலாவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வந்த வேலையைச் செய்தார். செய்யக்கூடாத வேலையைச் செய்யேல்லை" என்றார்.